வாடியும் வாடிவீடும்: கிழக்குக் கரையில் தங்கியவர்களின் கதை

உலகிலுள்ள விசித்திரமான தங்குமிடங்கள் எவை என்று பட்டியலிடும் கட்டுரைகள் இப்பொழுது எல்லாப் பத்திரிகைகளின் வார இறுதி மலர்களிலும் வெளியாகின்றன. சுவீடனின் வடகோடியிலுள்ள யுக்கஸ்யார்வி என்னும் கிராமத்தில் 1989ஆம் ஆண்டு தொடக்கம் குளிர்காலந்தோறும் ஆற்றின் பனிக்கட்டியை அறுத்தெடுத்து ஒரு ஹோட்டல் கட்டுகிறார்கள். வசந்தம் பிறந்ததும் அது உருகி ஆற்றோடு போய்விடுகிறது. மறுவருடம் மீண்டும் கட்டுகிறார்கள். இதனைப் படிக்கும் நம்மவர்கள் மூக்கின் மேல் விரலை வைக்கின்றனர். ஆனால் ஒரு பருவத்திற்கென்று கட்டி, பருவம் முடிந்ததும் பிரித்துப்போடும் தங்குமிடங்கள் கல்முனை தொடக்கம் பாணமை வரையான எங்கள் கரையோரத்தில் தலைமுறை தலைமுறையாக இருந்து வந்தவையே. அவற்றுக்கு நம் முன்னோர் இட்ட பெயர் வாடி.

இந்தச் சொல்லைச் சற்று நின்று கவனிக்க வேண்டும். கரைவலை இழுப்போர் வலையையும் துடுப்பையும் வைத்துக் காத்து, இரவில் தாமும் படுத்துக்கொள்ளும் கிடுகுக் கொட்டில் வாடி. வயலுக்குக் காவல் இருப்போரின் குடிசையும் வாடிதான். வெட்டிய மரங்களை அடுக்கி விற்கும் இடம் மரவாடி. பின்னர் வெள்ளைக்காரத் துரைமார் சுற்றுப் பயணம் வரும்போது தங்குவதற்கென்று அரசாங்கம் விடுதிகளைக் கட்டியபோது, இலங்கைத் தமிழர்களும் முஸ்லிம்களும் அதனை வாடிவீடு என்று அழைத்தனர். துரையும் ஒரு பருவத்துக்கு வந்து போகிறவர்தானே என்ற எண்ணம் அந்தப் பெயரின் பின்னால் இருந்திருக்குமோ என்று நான் சில வேளைகளில் நினைத்துச் சிரிப்பதுண்டு. மொழியியலாளர்கள் ஒப்புக்கொள்வார்களோ தெரியாது.

எங்கள் ஊர்களின் அமைப்பை அறியாதவர்களுக்கு வயல்வாடியின் முக்கியத்துவம் விளங்காது. மருதமுனை, கல்முனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என்று கடலோரமாக ஊர்கள் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. கிழக்கே கடல். மேற்கே களப்பும் சதுப்பும் வயல்வெளியும். குடியிருப்பதற்கு நடுவிலுள்ள ஒடுங்கிய மணல்மேடு மாத்திரமே உண்டு. கண்டி அரசன் செனரத், போர்த்துக்கேயரால் விரட்டப்பட்ட முஸ்லிம்களில் 4000 பேரை 1626ஆம் ஆண்டளவில் மட்டக்களப்புப் பிரதேசத்தில் குடியேற்றினான் என்பது வரலாற்று நூல்கள் தொடர்ந்து கூறிவரும் செய்தி. அதற்கு முன்பே இங்கு முஸ்லிம்கள் வாழ்ந்தார்கள் என்பதும் உண்டு. எவ்வாறாயினும், வந்தவர்கள் கடலோரத்தில் வீட்டையும் மேற்கே வெகுதூரத்தில் வயலையும் வைத்துக்கொண்டனர். ஆகவே வேளாண்மைக் காலத்தில் ஆண்கள் வீட்டை விட்டுப் போய் வட்டையில் மாதக்கணக்கில் தங்க நேர்ந்தது.

அந்த வாடி எப்படியிருக்கும்? காட்டுக் கம்புகள் நாலு, மேலே வைக்கோல் அல்லது இலுக்கு, கீழே களிமண் மெழுகிய திண்ணை. அடுப்புக்கு மூன்று கல். பக்கத்தில் மரத்தின் கவையிலோ, உயர்ந்த கால்களின் மீதோ ஒரு பரண். யானை வரும் வழியைப் பார்த்தபடி பரணில் ஒருவர் விழித்திருப்பார். யானையின் அரவம் கேட்டால் தகரத்தைத் தட்டுவதும், பந்தம் கொளுத்துவதும், கூக்குரலிடுவதும் வழக்கம். வாடியின் சொந்தக்காரர் போடியார். அதில் உண்மையில் தங்கியவர் முல்லைக்காரர். போடியார் அறுவடைக் காலத்தில் வந்து இரண்டு இரவு தங்கினால் அது பெரிய விசேஷம். காவலிருந்தவர்களின் தனிமையிலிருந்துதான் மட்டக்களப்பு மாநிலத்தின் நாட்டார் கவிகளில் பல பிறந்தன. காட்டிலிருக்கும் கணவனை நினைத்து ஊரிலிருக்கும் மனைவி பாடும் கவிகளும் அதே தூரத்திலிருந்து பிறந்தவையே. சூடு மிதிக்கும் களவெட்டிக்குள் அன்றாடச் சொற்களைப் பேசக்கூடாது என்ற விலக்கும் இருந்தது. ஒவ்வொரு பொருளுக்கும் அங்கே வேறு பெயர். பொலி குறைந்துவிடும் என்ற அச்சம். தங்குமிடத்துக்கென்று தனிமொழி வைத்திருந்த சமூகம் நாங்கள்.

என் வாப்பாவின் தகப்பனார் அப்படி வட்டையில் தங்கியவர். பாயும் தலையணையும் உள்ள வீட்டில் படுத்தால் தூக்கம் வருவதில்லை என்று முதுமையிலும் முறையிடுவார். இன்று அறுகம்குடாவில் மரத்தின் மீது கட்டிய குடிலில் ஓர் இரவு தங்குவதற்கு டொலரில் வாடகை கேட்கிறார்கள். அவர் உயிரோடிருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று எண்ணிப் பார்க்கிறேன்.

கடலோரத்தவர் உள்நாட்டுக்குப் பயணம் போனதற்கும் ஒரு வரலாறு உண்டு. தெருக்கள் அமைக்கப்படுவதற்கு முன்னர் எங்களவர் பொதிமாடுகளை நிரையாக ஓட்டிக்கொண்டு உப்பும் கருவாடும் ஏற்றி ஊவா மலைப்பக்கம் சென்று, பாக்கு முதலிய மலைநாட்டுப் பொருட்களை ஏற்றித் திரும்பினர். தவளம் என்பது அதற்குப் பெயர். 1859இல் வெளியான எமர்சன் டெனன்டின் இலங்கை பற்றிய நூலில் முஸ்லிம்களின் தவளங்களைப் பற்றிய குறிப்பு வருகிறது. மாடுகளை அவிழ்த்துவிட்டு, பொதிகளை வட்டமாக அடுக்கி, நடுவில் தீ மூட்டிப் படுப்பது அவர்களின் தங்குமுறை. இதே நூற்றாண்டில் சாமுவேல் பேக்கர் போன்ற வெள்ளைக்கார வேட்டைக்காரர்கள் கூடாரமும் கூலியாட்களும் சகிதம் இந்தக் காடுகளில் திரிந்து யானைகளைச் சுட்டுத் தள்ளிப் புத்தகம் எழுதினர். சாகசப் பயணி என்ற பட்டம் அவர்களுக்குக் கிடைத்தது. அதே காட்டில் உப்பு மூட்டையோடு போனவருக்கு வியாபாரி என்ற பெயர்தான்.

வாடிவீட்டு ஏற்பாடு ஒல்லாந்தர் காலத்தில் தொடங்கியது. ஆங்கிலேயர் தெருக்களைத் திறந்தபோது அவற்றின் ஓரமாக வாடிவீடுகளையும் கட்டிக்கொண்டு போயினர். ஓட்டுக்கூரை, அகன்ற விறாந்தை, உயரமான அறைகள், சாய்வு நாற்காலி. கடமையில் செல்லும் அரசாங்க உத்தியோகத்தருக்கு முதலிடம், மற்றவருக்கு மிஞ்சியது. எங்கள் பகுதியில் கல்முனையிலும் பொத்துவிலிலும் வாடிவீடுகள் இருந்தன. கல்முனையில் வாடிவீட்டு வீதி என்ற பெயர் இன்றும் வழங்குகிறது. நான் பத்திரிகைத் தொழிலுக்கு வந்த புதிதில் கொழும்பிலிருந்து அமைச்சர் ஒருவர் வந்தால் பிராந்திய நிருபர்கள் கூடுமிடம் வாடிவீட்டு விறாந்தைதான். உள்ளே பகலுணவு நடக்கும். வெளியே நாங்கள் குறிப்புப் புத்தகத்துடன் காத்திருப்போம். மீன்குழம்பின் வாசனையை மாத்திரம் செய்தியாக அனுப்ப முடியாது.

அடுத்து யாத்திரிகர்கள். யாழ்ப்பாணத்துச் செல்வச் சந்நிதியிலிருந்து கதிர்காமத்துக்குக் கால்நடையாகச் செல்வோர் கிழக்குக் கரையோரமாகவே இறங்கி வருகின்றனர். திருக்கோவில், பொத்துவில், பாணமை தாண்டி ஒகந்தை முருகன் கோயிலில் தங்கிக் காட்டுப்பாதை திறக்கும் நாளுக்குக் காத்திருப்பர். அங்கிருந்து கும்புக்கன் ஆற்றைக் கடந்து யால வனத்தினூடாக நடை. ஆற்றங்கரை மணலில் படுக்கை, ஊற்றுத் தோண்டித் தண்ணீர், சுற்றிலும் யானையும் கரடியும். எங்கள் பக்கத்து முஸ்லிம்கள் பலாங்கொடைக்கு அருகிலுள்ள ஜெயிலானிக்குச் சென்று மலைப்பாறையில் இரவைக் கழித்தனர். கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளியில் நாகூர் ஆண்டகையின் பெயரால் கொடியேறும் நாட்களில் மணல் முழுவதும் கொட்டில்களும் கடைகளுமாக ஓர் ஊர் முளைத்து, கொடியிறங்கிய பின் மறைந்துபோகும். ஒகந்தையை உள்ளடக்கிய வனப்பகுதி 1970இல் யால கிழக்குத் தேசியப் பூங்காவாக்கப்பட்டு, 2006இல் குமன என்று பெயர் மாற்றப்பட்டது. யுத்தம் காரணமாக 1985 தொடக்கம் 2003 வரை அது மூடப்பட்டிருந்தது.

இனி அறுகம்குடா. எங்களுக்கு அது உல்லை. பொத்துவிலுக்குத் தெற்கே, களப்புக்கு அப்பால், கல்முனையிலிருந்து சுமார் 70 கிலோமீற்றர் தூரம். 1966இல் இலங்கை உல்லாசப் பிரயாணச் சபை அமைக்கப்பட்ட பின்னர் கிழக்கில் அரசாங்கத்தின் கண் பாசிக்குடாவின் மீதே பதிந்தது. உல்லைக்கு எவரும் திட்டம் போடவில்லை. எழுபதுகளில் நீண்ட தலைமுடியும் தோளில் பலகையுமாக அவுஸ்திரேலியரும் ஐரோப்பியரும் தாமாகவே வந்து சேர்ந்தனர். அவர்களுக்கு அலை வேண்டியிருந்தது, படுக்க ஓர் இடம் வேண்டியிருந்தது. உள்ளூரவருக்குத் தெரிந்த கட்டடக்கலை ஒன்றே. கம்பு, கிடுகு, கயிறு. மீன்வாடியின் அளவைக் கொஞ்சம் பெருப்பித்து, கட்டிலும் நுளம்பு வலையும் வைத்து, வாசலில் ஓர் ஊஞ்சற்படுக்கையைக் கட்டினர். கபானா என்ற ஸ்பானியப் பெயர் பிறகு வந்து ஒட்டிக்கொண்டது.

இதில் வியப்பான ஒற்றுமை ஒன்றுண்டு. தென்மேல் பருவக்காற்றுக் காலத்தில் மேற்குக் கடல் கொந்தளிக்கும்போது நீர்கொழும்பு, சிலாபம் பக்கத்து மீனவர்கள் அமைதியான கிழக்குக் கரைக்கு வந்து வாடியடிப்பது நெடுங்கால வழக்கம். சித்திரை வைகாசியில் வந்து, வாடைக்காற்று எழும் முன்பு திரும்பிவிடுவர். அலைச்சறுக்குப் பயணிகளும் அதே மாதங்களில்தான் வருகின்றனர். தெற்கே இந்து சமுத்திரத்தின் ஆழத்திலிருந்து புறப்படும் நீண்ட அலை உல்லையின் முனையைச் சுற்றி வளைந்து வருகிறது. கரையிலிருந்து கடலை நோக்கி வீசும் கச்சான் காற்று அந்த அலையின் முகத்தை உடையாமல் தாங்கிப் பிடிக்கிறது. எங்கள் வயல்களைக் காய வைக்கும் அந்தக் கச்சானைத் தேடி அவர்கள் விமானம் ஏறி வருகிறார்கள்.

யுத்த காலத்தில் வருவோர் தொகை சுருங்கியது. முற்றாக நின்றுவிடவில்லை. 2002இன் போர்நிறுத்தத்துடன் மீண்டும் பெருகி, 2004 யூன் மாதத்தில் பிரித்தானியத் தொழில்முறை அலைச்சறுக்காளர் சங்கத்தின் போட்டியொன்றும் அங்கு நடந்தது. ஆறு மாதங்களின் பின் சுனாமி.

2004 டிசம்பர் 26 காலையில் இலங்கையில் ஆகக் கூடுதலான உயிர்களைப் பறிகொடுத்த மாவட்டம் அம்பாறை. பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர். தென்னிலங்கைக் கடற்கரைகளில் இறந்த வெளிநாட்டவர் பற்றி உலகத் தொலைக்காட்சிகள் பேசின. எங்கள் கரையில் அது வாடைக்காலம். உல்லையில் பயணிகள் சொற்பம். ஆகவே செத்தவர்கள் நாங்கள்தான். மருதமுனை தொடக்கம் காரைதீவு வரை கடலை அண்டிய வளவுகளில் வீட்டின் அத்திவாரம் மாத்திரம் மிஞ்சியதை நான் நடந்து பார்த்தேன். அந்த நாட்களைப் பற்றி விரித்தெழுத இன்றும் எனக்குக் கை வருவதில்லை.

அதற்குப் பின் நடந்ததை எழுதியே ஆக வேண்டும். 2005இன் தொடக்கத்தில் அரசாங்கம் ஒரு விதியைக் கொண்டுவந்தது. தெற்கிலும் மேற்கிலும் கடலிலிருந்து 100 மீற்றருக்குள்ளும், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றருக்குள்ளும் குடியிருப்பு அமைக்கக்கூடாது. பாதுகாப்புக்கு என்றனர். நல்ல நோக்கம்தான். ஆனால் சாய்ந்தமருதிலும் கல்முனைக்குடியிலும் 200 மீற்றரை விட்டுவிட்டுப் பின்வாங்கினால் அங்கே ஏற்கனவே அயலவன் வீடு இருக்கிறது. அதற்கும் அப்பால் வயலும் சதுப்பும். எங்கே போவது? வள்ளத்தைக் கரையில் விட்டுவிட்டு எஞ்சினைத் தோளில் சுமந்துகொண்டு அவ்வளவு தூரம் நடக்கச் சொல்கிறார்களா என்று கல்முனைக்குடியில் ஒரு முதியவர் என்னிடம் கேட்டார். பதிலில்லை.

அதே வேளையில் சுற்றுலா விடுதிகளுக்கு விதிவிலக்குக் காட்டப்பட்டது. 2005 ஏப்ரலில் அறுகம்குடா அபிவிருத்தித் திட்டம் என்று ஒன்று வெளியாயிற்று. கோமாரி தொடக்கம் பாணமை வரையான கரையோரத்தை நட்சத்திர விடுதிகளும், ஹெலிகொப்டர் இறங்குதளமும், கடல் விமானத் துறையும் கொண்ட உல்லாசப் பட்டினமாக்கும் திட்டம் அது. காலங்காலமாக அங்கு வலை காய வைத்தவர்கள் அந்த வரைபடத்தில் எங்கிருந்தார்கள் என்று உல்லை மக்கள் கேட்டனர். மீனவர்களும் சிறு விடுதிக்காரர்களும் எதிர்த்துத் தெருவில் இறங்கினர். அந்த ஆண்டு அங்கு வந்த கனடிய எழுத்தாளர் நவோமி கிளைன் தமது ‘த ஷொக் டொக்ட்ரின்’ (2007) நூலின் ஓர் அத்தியாயத்தை அறுகம்குடாவிலிருந்தே தொடங்குகிறார். கிடுகு வேய்ந்த வாடியைச் சட்டவிரோதம் என்றும் கிடுகு வேய்ந்த கபானாவைச் சுற்றுலா என்றும் பார்த்த விசித்திரம் அவர் கண்ணிலும் பட்டது. எதிர்ப்பினாலும் நடைமுறைச் சிக்கல்களாலும் மீற்றர்க் கணக்கு 2005இன் இறுதிப் பகுதியில் தளர்த்தப்பட்டது. திட்டமும் அந்த உருவத்தில் நிறைவேறவில்லை.

வீடு தருவதாகச் சொல்லிக் கட்டியவற்றின் கதை வேறொரு விசித்திரம். அக்கரைப்பற்றை அடுத்த நுரைச்சோலையில் சுனாமியால் வீடிழந்தோருக்கென்று சவூதி அரேபியாவின் உதவியில் 500 வீடுகள் கட்டப்பட்டன. யாருக்கு எந்த விகிதத்தில் என்ற வழக்கு உயர் நீதிமன்றம் வரை சென்று, வீடுகள் ஆளில்லாமல் ஆண்டுக்கணக்கில் காடு மண்டின. தங்குவதற்கு எவருமில்லாத தங்குமிடங்களைப் பட்டியலிடுவோர் இருந்தால் இதனையும் சேர்த்துக்கொள்ளலாம்.

இது முஸ்லிம்களுக்கு மாத்திரம் நேர்ந்ததென்று எண்ண வேண்டாம். பாணமை சிங்களவரும் தமிழரும் கலந்து மணமுடித்து வாழும் கிராமம். மானிடவியலாளர் நூர் யல்மன் ஐம்பதுகளில் ஆராய்ந்த ஊர்களில் அதுவும் ஒன்று. 2010 யூலையில் பாணமைக்கு அருகே கடலோரச் சேனைகளில் இருந்தவர்களின் குடிசைகளுக்கு ஆயுதந்தாங்கியோர் இரவில் தீ வைத்து விரட்டினர். பறிபோன காணிகளின் ஒரு பகுதியில் பின்னர் கடற்படையினர் நடத்தும் கபானா விடுதி எழுந்தது. 2015 பெப்ரவரியில் 340 ஏக்கரைத் திருப்பிக் கொடுக்க அமைச்சரவை தீர்மானித்தது. தீர்மானம் காகிதத்தில் கிடக்க, மக்கள் 2016இல் தாமாகவே சென்று மீண்டும் கொட்டில் போட்டனர்.

யுத்தம் முடிந்தபின் உல்லை வேகமாக வளர்ந்தது. 2010லும் 2011லும் 2019லும் சர்வதேசப் போட்டிகள் நடந்தன. 2018இல் உள்ளூர்ப் பெண்கள் தமக்கென்று ஓர் அலைச்சறுக்குக் கழகம் அமைத்தனர். கடலில் இறங்கும் பெண்ணை ஊர் எப்படிப் பார்க்கும் என்பதை அறிந்தவர்களுக்கு அதன் துணிச்சல் புரியும். உலக அரசியலும் சும்மா விடவில்லை. காசா யுத்தம் நடந்துகொண்டிருந்த 2024ஆம் ஆண்டின் ஒக்டோபர் 23 அன்று, அறுகம்குடாவின் சுற்றுலா இடங்கள் தாக்கப்படக்கூடுமென அமெரிக்கத் தூதரகம் எச்சரிக்க, இஸ்ரேலும் தன் குடிமக்களை உடனே வெளியேறச் சொன்னது. பொலிஸாரும் படையினரும் தெருவை நிறைத்தனர். பருவம் முடியும் தறுவாயில் இருந்தபடியால் வாடி பிரிப்பது போலவே கூட்டம் கலைந்தது.

வாசகர்களில் எவரேனும் இந்தப் பக்கம் வர எண்ணினால் சில வார்த்தைகள். அலை வேண்டுவோர் மே தொடக்கம் செப்டெம்பர் வரை வரலாம். லாகுகலையில் யானைக் கூட்டத்தைத் தெருவோரத்தில் நின்றே காணும் வாய்ப்புண்டு. குடும்பிமலைக் குகைகளில் பிக்குகள் தியானம் செய்கின்றனர். அங்கே குரலைத் தாழ்த்துவது மரியாதை. ஒகந்தையில் ஆடி மாதத்துக்கு முன் சென்றால் பாதயாத்திரிகர்களுடன் உணவருந்தலாம். உல்லையில் கண்ணாடிச் சுவர் வைத்த புதிய கட்டடத்தை விட, அந்த ஊர்க் குடும்பமொன்று தன் வளவுக்குள் நடத்தும் கிடுகுக் குடிலில் தங்குவதையே நான் விரும்புவேன். வாடகையும் குறைவு, மீனும் அன்று பிடித்தது.

போகும் வழியில் ஒலுவிலில் இறங்குங்கள். காலஞ்சென்ற அமைச்சர் அஷ்ரப்பின் கனவுத் துறைமுகம் அங்கே டென்மார்க்கின் நிதியுதவியுடன் கட்டப்பட்டு 2013இல் திறக்கப்பட்டது. வெளிச்சவீட்டைப் பார்க்க மாலையில் குடும்பங்கள் கூடுகின்றன. துறைமுகத்தின் வாயை மணல் மூடுகிறது. அந்த மணல் சேர வேண்டிய வடக்குக் கரையைக் கடல் அரிக்கிறது. ஒலுவிலிலும் நிந்தவூரிலும் தென்னைகள் வேரோடு சாய்ந்து கிடப்பதைக் காணலாம். கரைவலைக்காரர்கள் தங்கள் வாடியை ஒவ்வொரு வாடைக்குப் பின்னும் சில அடிகள் உள்ளே தள்ளிக் கட்டி வந்தனர். கடைசியாக நான் சென்றபோது ஒரு வாடியின் பின்கம்பு ஒருவரின் வளவு வேலியில் முட்டிக்கொண்டு நின்றது. முன்கம்பிலிருந்து கடலுக்கு எத்தனை பாகம் என்று கேட்டேன். கரைக்குக் கரை மாறும், இந்த வருடம் ஒன்பது என்றார்கள்.